குன்றிமணிக் கண்

இத்திமோட்டைக் குளத்து அணைக்கட்டில் தில்லைநாதன் நாகத்தின் உருவம் கீறப்போகிறாராம் என்ற கதை பரவியபோது குடியேற்றத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டார்கள். அவருடைய மனைவி விமலேஸ்வரிக்கு இரண்டுக்கும் நேரம் இருக்கவில்லை. கதை வெளியே போவதற்கு முன்பே படம் அவள் வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டது.

படம் என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படம் இல்லை. கட்டில் செய்யப்போவதற்கு மாதிரி; நில அளவைக்காரர் பாவிக்கிற, துணி ஒட்டிய தடித்த கடதாசி. குளத்து வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் கனகலிங்கம் கொடுத்த இரண்டு பெரிய தாள்களை நீளப்பாட்டில் ஒட்டியிருந்தது. விரித்தால் வீட்டில் இருந்த ஒரே அறை நிறைந்துவிடும். பிள்ளையைக் குசினியில்தான் படுக்கவைக்க வேண்டும். மேலே குளத்துத் தண்ணீர், அதற்கு வேட்டிக்குப் போடுகிற நீலம். கீழே வயல்வெளி, அதற்கு மஞ்சளும் அடுப்புக்கரியும். வயலின் ஓரத்தில், கட்டுக்கு நேர் கீழே, சிறிய கறுப்புச் சதுரமாக அவர்களுடைய வீடு. நடுவில் கட்டு. கட்டுக்கு அவர் நிறம் தீட்டவில்லை. கட்டிலிருந்தே பிடுங்கி வந்த புல்லைக் காயவைத்து, விளாம்பிசினில் தோய்த்து, இழை இழையாக ஒட்டினார். அந்தப் புல்லுக்கு நடுவே, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசில் தலையும், மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் வானில் வாலுமாக, வளைந்து நெளிந்து நாகம் கிடந்தது. உடம்பு செம்மண், விளிம்பு சுண்ணாம்பு. புற்றடியில் கிடந்த பாம்புச் சட்டையைக் கத்தரித்துக் கழுத்தில் செதிலாகப் பதித்திருந்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கழுத்து மினுங்கும். விமலேஸ்வரி விளக்கைக் கிட்டக் கொண்டுபோவதில்லை.

எல்லாம் மந்திரியால் வந்த வினை. கட்டை உயர்த்தி, புது மண் போட்டு, புல் பதித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தை மாதம் மந்திரி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. வாழைமரமும் தோரணமும் எல்லா ஊரிலும்தான் கட்டுகிறார்கள், இங்கே வேறு ஏதாவது செய்யவேண்டும் என்று ஓவசியர் சொன்னார். சொன்னவர் போய்விட்டார். கேட்டவருக்கு நித்திரை போய்விட்டது.

தில்லைநாதனின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் கோவில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிற குடும்பம். தகப்பன் கண்ணை மூடியதும் தொழிலும் பட்டறையும் தமையன் கைக்குப் போயின. இவர் மூன்று ஏக்கர் வயலை நம்பி வன்னிக்கு வந்தார். வயலை அவர் குறையாகச் செய்தவர் என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் மண்வெட்டி பிடித்த கையைப் பொழுதுபட விரித்து விரித்துப் பார்ப்பார். அதைக் காணும்போதெல்லாம் விமலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணம் முடித்த வருடம் ஒரு குதிரை வாகனத்துக்கு அவர் கண் திறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு அவள் காணவில்லை. இந்தப் படத்தின்மேல் குந்தியிருந்தபோதுதான் அதில் கொஞ்சம் திரும்பி வந்தது. அதனால்தான் வீடு முழுக்கப் பிசின் நாறியும் அவள் வாய் திறக்கவில்லை.

ஓவசியர் படம் பார்க்க வருகிற நாள் வந்தது. தில்லைநாதன் வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். விமலேஸ்வரி அறையைக் கூட்டி, படத்தை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். பிறகு எட்டி நின்று பார்த்தாள். தலையில் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெறும் வட்டங்கள் மட்டும் இருந்தன. ஒட்டியது விழுந்துவிட்டது என்று நினைத்தாள். வருகிறவர் குருட்டுப் பாம்பைப் பார்த்து முகம் சுளித்தால் இந்த மனுசன் உடைந்துபோவார் என்று நினைத்தாள். மகள் கமலாசனி விளையாடுகிற சிரட்டையில் குன்றிமணி கிடந்தது. நல்ல சிவப்பாக இரண்டைத் தெரிந்தெடுத்து, கறுப்புப் புள்ளி நடுவில் வரத்தக்கதாகத் திருப்பி, பிசின் தொட்டு, குனிந்து வைத்து அழுத்தினாள்.

ஓவசியர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், வந்த காலை ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

“அம்மாடி! இது பாக்குதல்லோ!”

“ஐயா, இருங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்.”

“இருக்கிறதெங்கை, இவர் இடம் விட்டால்தானே.” நாகத்தைக் காட்டிச் சிரித்தார். “தில்லைநாதன் எங்கை? கூப்பிடும். பரந்தன் றோட்டாலை ஜீப் திரும்பேக்கையே மந்திரியின்ர கண்ணிலை இது படவேணும்.”

தில்லைநாதன் சேற்றுக் காலோடு வந்து வாசலில் நின்றார். படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே இறங்கிப்போனதை விமலேஸ்வரி கண்டாள்.

“என்ன முழிக்கிறீர்? முதல் தரம்!” என்றார் ஓவசியர். “கட்டிலை இதை எப்பிடிச் செய்வீர்?”

“புல்லை வரியாய் உரிச்செடுக்கவேணும், ஐயா. உள்ளுக்குச் செம்மண் தெரியும். விளிம்புக்குச் சுண்ணாம்பு.”

“புல்லுத்தானே. மந்திரி போனாப் பிறகு திரும்ப வைச்சால் பிடிச்சிடும்.”

“மாரி கழிஞ்சு தொடங்கினால் நல்லது.”

“மாரி கழிஞ்சால் தை வந்திடும். கார்த்திகையிலை வெயில் எறிச்சவுடனை தொடங்கும்.” தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தில்லைநாதன் நிலத்தில் குந்தினார்.

“கண்ணை வைச்சது ஆர்?”

“நான்தான். விழுந்திட்டுதாக்கும் எண்டு...”

“விழேல்லை. நான் வைக்கேல்லை.” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “மாதிரிக்குக் கண் வைக்கிறேல்லை, விமலி. எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் வைச்சதில்லை. பெரிசு முடிஞ்சு, பூசை வைச்சு, கடைசியாய்த் திறக்கிற கண் அது. முதல் பார்வை கண்ணாடியிலை விழவேணும், பிறகு பசுவிலை. மாதிரிக்குத் திறந்திட்டால் அது உடம்பு கேக்கும். கீறினபடி, ஒரு விரக்கடை குறையாமல் செய்து குடுக்கவேணும். இடையிலை விட ஏலாது.”

“விட்டால்?”

அவர் அந்த இரண்டு குன்றிமணிகளையும் பார்த்தார். “வைக்கேக்கை அதின்ரை முகத்துக்கு முன்னாலை ஆர் நிண்டது?” என்று கேட்டார்.

“நான்தான் நிண்டனான்.”

விமலேஸ்வரி வயல்காரர் வீட்டுப் பெண். இந்த வாகனக்காரரின் சட்டதிட்டங்கள் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்று மத்தியானம் குரக்கன் புட்டும் விரால்மீன் குழம்பும் ஆக்கி வைத்தாள். இருவரும் புட்டுக் கோப்பையைத் தொட்டுவிட்டு எழும்பினார்கள்.

கார்த்திகையில் வெயில் எறித்தது. தில்லைநாதன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கட்டில் ஏறினார். படத்தைத் தலைமாட்டில் விரித்து, கயிறு பிடித்து, முளை அடித்தார். வால்ப்பக்கம் தொடங்குவார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் துருசடிக்குப் போய்த் தலையில் தொடங்கினார். அதிலும் முதல் வேலை கண். கண் திறந்த பாம்பு, பெரிய உடம்பிலும் கண்ணைத்தான் முதலில் கேட்கும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி, இடுப்பளவு ஆழம். மந்திரி வருகிற நாளில் சிவப்பு மை பூசிய மண்ணெண்ணெய்ப் பீப்பாய் இரண்டை அவற்றில் இறக்குவதாகத் திட்டம்.

பக்கத்துக் காணி ஏரம்பு எருமைகளை ஓட்டிக்கொண்டு அவ்வழியால் வந்தார். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். வாய் சும்மா இராது.

“என்ன தம்பி, குளத்துக்கு மூக்குத்தி குத்துறியோ?”

“கண், ஏரம்பண்ணை.”

“கண்ணோ? உந்தப் புல்லு இன்னும் வேர் விடேல்லை. அதை உரிக்கிறாய் எண்டால், மாரிக்கை சேட்டைக் கழட்டிப்போட்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“எனக்கும் தெரியும், அண்ணை.”

“தெரிஞ்சோ செய்யிறாய்?”

தில்லைநாதன் குழி தோண்டுகிற அலவாங்கைத் திரும்ப எடுத்தார். அவருக்குத் தெரியும் என்பதுதான் ஏரம்புவைப் பயப்படுத்தியது. விறைத்த முகத்தோடு விமலேஸ்வரியைத் தேடி வந்து, கொண்டுவந்த தயிர்ச்சட்டியைக் குசினி வாசலில் வைத்தார்.

“பிள்ளை, இவனுக்கு என்ன பிடிச்சது? வேலை செய்யிறவன் மாதிரி இல்லை, ஆரோ பின்னாலை துரத்துற மாதிரியெல்லோ வெட்டுறான்.”

“என்னாலைதான் அண்ணை,” என்றாள். தயிர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாகம் நாளுக்கு நாள் நீண்டது. கழுத்து, பிறகு முதல் வளைவு, பிறகு இரண்டாவது. பச்சைக் கட்டில் செம்மண் பட்டையாகத் தெரிந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை விட்டார்கள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. வயலில் களை பிடுங்குகிற பெண்கள் அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருநாள் விடிய யாரோ அந்தக் குழிகளுக்கு முன்னால் பாலும் முட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் ஐந்தாறு முட்டை. திறந்துவைக்க மந்திரி வருமுன் கும்பிட ஊர் வந்துவிட்டது. ஓவசியருக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. தில்லைநாதன் அந்த முட்டைகளைத் தாண்டாமல் வளைந்து சுற்றிப் போவதை விமலேஸ்வரி மட்டும்தான் பார்த்தாள்.

மார்கழி பிறந்ததும் கிழக்குக் கறுத்தது. வழக்கமான மாரிதான் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அது ஐம்பத்தேழாம் ஆண்டு. நாடு முழுவதையும் வெள்ளம் கொண்டுபோன அந்த மார்கழியைக் கண்டவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மழை விடவில்லை. அடுப்பு விறகு புகைந்தது. மாடு சாணம் போட்ட இடத்திலேயே படுத்தது. கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்துப் பயிர் தண்ணீருக்கு மேலே நுனியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. குளம் ஒவ்வொரு விடியலிலும் கட்டின் விளிம்புக்கு இன்னும் கிட்ட வந்திருந்தது. ஓவசியர் கடைசியாக ஒருநாள் சைக்கிளில் வந்து, குடையைப் பிடித்தபடி, “கொஞ்சம் நிப்பாட்டி வையும்” என்றார். அதற்குப் பிறகு பாதை வெட்டுப்பட்டது; அவர் வரவில்லை.

தில்லைநாதன் நிற்பாட்டவில்லை. கூலிக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தனியே போய்ப் புல் உரித்தார்.

“இண்டைக்கு வேண்டாம், இஞ்சாருங்கோ,” என்று விமலேஸ்வரி வாசலை மறித்தாள்.

“வால் மட்டும்தான் மிச்சம்.”

“கட்டு நிக்காட்டில் வாலை எங்கை கீறுவியள்? கட்டுக்குக் கீழை முதல் வீடு எங்கட வீடு. கமலா இருக்கிறாள்.”

“அவளுக்காகத்தான் போறன். உடம்பு குடுக்காட்டில் அது எங்கட உடம்பைத்தான் கேக்கும். முதல் பார்வை உன்னிலை விழுந்திருக்கு. உனக்கு விளங்குதோ?”

“விசர்க்கதை கதையாதையுங்கோ!”

“விசர்தான்,” என்றார் அவர். “எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. ஆனால் நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு, விமலி.” அவளை மெல்ல விலக்கிவிட்டு மழைக்குள் இறங்கினார்.

அன்று கூரை ஒழுகியது. ஓலைக் கிடுகுக்குள்ளால் சொட்டின தண்ணீர், சுருட்டி மூலையில் வைத்திருந்த படத்தின்மேல் விழுந்திருந்ததை அவள் பிந்தித்தான் கண்டாள். ஓடிப்போய் விரித்தாள். புல் ஒட்டியிருந்த இடங்கள் நனைந்தும் அசையவில்லை. நாகத்தின் கழுத்துச் செம்மண் மட்டும் கரைந்து, படத்தின் கட்டைத் தாண்டி, மஞ்சள் வயலுக்கு மேலால் வழிந்து, அந்தக் கறுப்புச் சதுரத்தை மூடியிருந்தது. கண் இரண்டும் கழுவிவிட்ட மாதிரிப் பளபளவென்று அவளையே பார்த்தன.

விமலேஸ்வரி பயந்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. சாமிக் கண்ணைத் தோண்டுகிறவளுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மகளைப் பார்த்தாள், அவள் குசினியில் சிரட்டையை வைத்துச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி கொண்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். “நான்தான் வைச்சனான், நானே எடுக்கிறன். பழி வந்தால் என்னோடை நிக்கட்டும்” என்று வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு குன்றிமணியையும் நெம்பி எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

தில்லைநாதன் வந்து தலை துவட்டும்போது படத்தைக் கண்டார். அவள் முடிச்சைக் காட்டினாள். அவர் அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் நிலத்தில் இருந்து குழந்தைப்பிள்ளைபோல விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார்.

“விட்டுதோ?” என்று கேட்டார்.

“விட்டிட்டுது. இனி அது வெறும் கடதாசி. எழும்புங்கோ, ஏரம்பண்ணையைக் கூப்பிடுவம்.”

மறுநாள் விடிந்ததும் ஊரே கட்டில் நின்றது. ஏரம்பு வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டினார். மிஞ்சின தண்ணீர் வான் வழியே ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் கிட்ட நின்று கத்தினால்தான் கேட்கும். உரித்துக் குவித்திருந்த புல்கட்டிகளைப் பெண்கள் கடகத்தில் சுமந்தார்கள். ஆண்கள் பதித்து, முளை அடித்து, மேலே வைக்கோலும் பாயும் கிடுகும் போட்டு, மண்சாக்கால் அமத்தினார்கள். வாலில் தொடங்கிக் கழுத்துவரை வந்தார்கள். பொழுது சாயும் நேரம் தலைமட்டும் மிஞ்சியது.

“தலையை நான் பாக்கிறன்,” என்றார் தில்லைநாதன். “நீங்கள் போய் ஏதாவது குடியுங்கோ. நான் வெட்டினது, நானே மூடுறன்.”

நியாயமான பேச்சு. ஒருவரும் அதை வேறுவிதமாக எடுக்கவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடத் திடலில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிக்குப் போனார்கள். அவர் வந்து சேர இருட்டிவிட்டது. உடம்பெல்லாம் சேறு. “மூடியாச்சோ?” என்று ஏரம்பு கேட்டார். “ஓம்,” என்றார் தில்லைநாதன். விமலேஸ்வரி அவருக்கு ஒரு சிரட்டை கஞ்சி கொடுத்தாள். அன்றிரவு அவர் நன்றாக உறங்கினார். அவளும் வெகுநாளைக்குப் பிறகு உறங்கினாள்.

விடியப்புறம் திருவெம்பாவைக்குக் கோவில் மணி அடித்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. கட்டு நின்றது! அதைக் கண்டதும் விமலேஸ்வரிக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லமுடியாது. கமலாசனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தேத்தண்ணிச் செம்போடு புருசனுக்குப் பின்னால் வரம்பால் நடந்தாள். பாதி வழியில் அவர் நின்றார். அவளும் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

புல்லுக்கு மேலே போட்ட வைக்கோலும் வெளிறிய பாயும் வெள்ளைச் சாக்குமாக, துருசிலிருந்து வான் வரை, வளைவுக்கு வளைவு பிசகாமல் நாகம் கிடந்தது. அவர்கள் அதை அழிக்கவில்லை. ஊர் கூடி நின்று அதற்கு வேறு சட்டை போட்டிருக்கிறார்கள். செம்மண்ணாய்க் கிடந்ததைவிட இப்போதுதான் தூரத்துக்குத் தெரிந்தது.

பிறகு அவள் தலைப்பக்கம் பார்த்தாள். துருசடியில், பக்கத்தில் பக்கத்தில், புல்லுக்குள்ளால் இரண்டு ஈரப் பொட்டுகள். பார்த்துக்கொண்டிருக்கவே அவை பெருத்தன. தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் பயமில்லை என்று குடியேறினவர்கள் எல்லோருக்கும் இதற்குள் தெரியும். இது கட்டின் மண்ணோடு கலங்கி, சிவப்பாக வந்தது.

“கண் குழி ரெண்டும் மூடினனீங்கள்தானே?” என்று கேட்டாள்; பிறகு கத்தினாள். “இஞ்சாருங்கோ! மண் போட்டு இடிச்சு மூடினனீங்கள்தானே?”

“மேலாலை புல்லு வைச்சனான்.”

“உள்ளுக்கு?”

“தடியைப் பரப்பி, அதுக்கு மேலை புல்லு.” அவர் அவளைப் பார்க்கவில்லை. “மண்ணைக் கடகத்திலை அள்ளினனான், விமலி. ரெண்டு தரம் அள்ளினனான். கண்ணுக்கை மண் போடக் கை வரேல்லை.”

செம்பு வரம்பில் விழுந்து உருண்டது. “ஓடி வாங்கோ! ஆக்களை எழுப்பவேணும், திடலுக்கு ஏத்தவேணும்!” என்று அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது, ஆள் அசையவில்லை. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை. குதிரை வாகனத்துக்குக் கண் திறந்த நாளில் பார்த்த முகம், அதே வெளிச்சம்.

“பார்,” என்றார் அவர். “கடைசியாய், பெரிசிலைதான் திறக்கவேணும் எண்டு என்ரை அப்பு சொன்னவர்.”

இடது குழியின் புல்கட்டி பிய்ந்து விழுந்தது. அதன் பின்னால் வலது. இரண்டும் சேர்ந்து ஒரே வாயாகிக் குளத்துத் தண்ணீரைக் கக்கின. கமலாசனி வீரிட்டு அழுதாள். விமலேஸ்வரி பிடித்திருந்த கையை விட்டாள். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, ஊரைக் கூப்பிட்டபடி, திரும்பிப் பாராமல் கோவில் மணியை நோக்கி ஓடினாள்.